செடி வளர்ப்பு விளக்குகளின் நிறமாலை

செடி வளர்ப்பு விளக்குகளின் நிறமாலை என்பது, சூரிய ஒளிக்கு மாற்றாகவோ துணையாகவோ செடிகளுக்குத் தரப்படும் செயற்கை ஒளியில் எந்தெந்த அலைநீளங்கள் எந்த விகிதத்தில் உள்ளன என்பதைக் குறிக்கும். இவ்விளக்குகளில் இன்று பெரும்பாலும் ஒளியுமிழ் இருமுனையங்கள் (எல்.இ.டி) பயன்படுகின்றன. செடிக்கு ஒளி ஒரே வேளையில் உணவாகவும் செய்தியாகவும் இருக்கிறது. உணவுக்கு ஒளியின் அளவு முதன்மையானது. செய்திக்கு அதன் நிறமும் அது விழும் நேரமும் முதன்மையானவை. விளக்கு வாங்குவோர் செய்யும் செலவுப் பிழைகளில் பல, இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதால் நேர்கின்றன.

உணவாக ஒளி

ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளி ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான அலைநீளங்களில் அடங்கும். பச்சையம் நீல ஒளியையும் சிவப்பு ஒளியையும் மிகுதியாக உட்கவர்கிறது. இதனால் பச்சை ஒளி செடிக்குப் பயனற்றது என்ற கருத்து பரவியுள்ளது. இது சரியன்று. கீத் மெக்கிரீ 1972-இல் வெளியிட்ட அளவீடுகள், பச்சை ஒளியும் ஒளிச்சேர்க்கையைக் கணிசமாக நிகழ்த்துவதைக் காட்டின. மேலும், பச்சை ஒளி இலையின் உட்பகுதிக்கும் கீழடுக்கு இலைகளுக்கும் ஊடுருவிச் செல்லும்.

சிவப்பும் நீலமும் மட்டும் கலந்த ஊதா நிற விளக்குகள் ஒரு காலத்தில் மிகுதியாக விற்பனையாயின. அவற்றின் கீழ் செடி வளரும். ஆனால் இலையின் மஞ்சளிப்பையும் நோய்ப்புள்ளிகளையும் மனிதக் கண்ணால் பிரித்தறிவது கடினம். இன்று, வெள்ளை இருமுனையங்களுடன் 660 நானோமீட்டர் சிவப்பைச் சேர்ப்பதே பரவலான வழக்கம். வெள்ளை இருமுனையம் என்பது ஒளிர்பொருள் பூசிய நீல இருமுனையமே ஆதலால், நீலமும் பச்சையும் அதிலேயே கிடைத்துவிடுகின்றன. நீல இருமுனையத்தைக் கண்டுபிடித்த அகசாகி, அமானோ, நாகமுரா ஆகியோருக்கு 2014-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஒளியின் அளவை லூமெனில் கூறுவது செடிகளுக்குப் பொருந்தாது. லூமென் மனிதக் கண்ணின் உணர்திறனை அடிப்படையாகக் கொண்டது. கண் 555 நானோமீட்டர் பச்சை ஒளியையே மிகுதியாக உணர்கிறது. செடிகளுக்கு, ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடியில் விழும் ஒளியணுக்களை மைக்ரோமோல் அலகில் கூறுவர். உச்சி வெயிலில் இது சுமார் 2,000. கீரை வகைகளுக்கு 200 போதும். பூத்துக் காய்க்கும் செடிகளுக்கு 500-க்கு மேல் வேண்டும். ஒரு ஜூல் மின்னாற்றலுக்கு 2.5 மைக்ரோமோல் தரும் விளக்கு, ஒரு சதுர மீட்டருக்கு 500 மைக்ரோமோல் தர 200 வாட் எடுக்கும். நாளொன்றுக்கு 12 மணி நேரம் எரிந்தால் 2.4 அலகு, மாதத்திற்கு 72 அலகு மின்சாரம் செலவாகும். அந்த மின்சாரம் பெரும்பாலும் வெப்பமாகவே முடிவதால், கோடையில் அறையைக் குளிர்விக்கும் செலவும் சேரும்.

செய்தியாக ஒளி

நீல ஒளி குறைந்தால் தண்டு நீண்டு மெலியும். இதைத் தவிர்க்க மொத்த ஒளியில் 10 முதல் 20 விழுக்காடு நீலம் இருக்குமாறு அமைப்பது வழக்கம். 730 நானோமீட்டர் அளவிலான சேய்ச்சிவப்பு ஒளியும் தண்டை நீளச் செய்யும். பிற செடிகளின் நிழலில் சிவப்பு குறைந்து சேய்ச்சிவப்பு எஞ்சுவதால், செடி அதனை நிழலின் அறிகுறியாகக் கொள்கிறது. இவ்விரு சிவப்புகளையும் உணர்வது ஃபைட்டோகுரோம் என்னும் நிறமி ஆகும்.

பூக்கும் காலத்தை முடிவு செய்வதும் பெரும்பாலும் இதுவே. கார்னர், அல்லார்டு ஆகியோர் 1920-இல் பகல் நீளத்திற்கும் பூத்தலுக்கும் உள்ள தொடர்பை விளக்கினர். செவ்வந்தி, கஞ்சா ஆகிய இரண்டும் நீண்ட இரவில் பூக்கும் குறும்பகல் செடிகள். செவ்வந்தி வளர்ப்போர் நள்ளிரவில் சில மணி நேரம் விளக்கெரித்து இரவைத் துண்டித்துப் பூத்தலைத் தள்ளிப்போடுகின்றனர். இதற்குச் சில மைக்ரோமோல் சிவப்பு ஒளியே போதும். முன்னர் இதற்குப் பயன்பட்ட இழை விளக்குகளோடு ஒப்பிட்டால், எல்.இ.டி-க்கு ஆகும் மின்செலவு மிகக் குறைவு. உணவுக்கான விளக்கை நிறுவ எண்ணும் முன், தேவைப்படுவது செய்திக்கான விளக்கு மட்டும்தானா என்று பார்ப்பது நலம்.

இரும்பைப் பகுதியில்

விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டத்தில் ஆரோவில்லை ஒட்டியுள்ள இரும்பை, தேவாரப் பாடல் பெற்ற மாகாளேசுவரர் கோயிலால் அறியப்படும் ஊர். ஏறத்தாழ 12 பாகை வட அகலாங்கில் அமைந்துள்ளதால், இங்கு மிகக் குறுகிய பகல் சுமார் 11 மணி 25 நிமிடமும் மிக நீண்ட பகல் சுமார் 12 மணி 50 நிமிடமும் ஆகும். ஆண்டின் எந்நாளும் பகல் 13 மணி நேரத்தைத் தொடுவதில்லை. எனவே குறும்பகல் செடிகளுள் பல, போதிய உயரம் பெறும் முன்பே மொட்டுவிடும். இங்குக் குறைவது ஒளியின் அளவன்று, பகலின் நீளமே.

ஆரோவில்லில் சுருள்பாசி திறந்த தொட்டிகளில் வெயிலிலேயே வளர்க்கப்படுகிறது. இந்த நீலப்பச்சைப் பாசியில் உள்ள ஃபைக்கோசயனின் என்னும் நிறமி, பச்சையம் குறைவாக உட்கவரும் 620 நானோமீட்டர் அளவிலான ஒளியை நன்கு பயன்படுத்துகிறது. ஆகவே, ஆய்வகத்தில் தாய்ப்பாசியை விளக்கொளியில் பேணுவோர், நிலச்செடிகளுக்கான நிறக்கலவையை அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. மிகுந்த வெயில் பாசியின் ஒளிச்சேர்க்கையைக் குறைக்கக்கூடும் என்பதால், தொட்டிகளுக்கு நிழல்வலை இடுவதும் உண்டு.

கஞ்சாவும் சட்டமும்

வளர்ப்பு விளக்குத் தொழில்நுட்பம் வளர்ந்ததில் உள்ளரங்கக் கஞ்சா வளர்ப்புக்குப் பெரும் பங்குண்டு. தண்டும் இலையும் வளரும் பருவத்தில் நாளொன்றுக்கு 18 மணி நேர ஒளியும், பூக்கும் பருவத்தில் 12 மணி நேர ஒளியும் தருவது பரவலான முறை. பூக்கும் பருவத்தில் இருளின் இடையே ஒளி கசிந்தால் பூத்தல் குலையும். எந்த நிறக்கலவையாலும் இதனை ஈடுசெய்ய இயலாது. கனடாவில் 2018 முதல் இவ்வளர்ப்பு சட்டப்படி நடைபெறுகிறது. இந்தியாவில், போதை மருந்துகள் மற்றும் உளவெறியூட்டும் பொருட்கள் சட்டம், 1985-இன்படி அரசின் அனுமதியின்றிக் கஞ்சா பயிரிடுவது குற்றமாகும். உத்தராகண்ட் போன்ற சில மாநிலங்கள் தொழிற்பயனுக்கான சணல்வகைக் கஞ்சாவை உரிமத்தின் பேரில் பயிரிட அனுமதித்துள்ளன.