மூணு ரூபா பவுடரும் பதிமூணு ரூபா பவுடரும்

போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்போ பரணை ஒழிக்கிற வேலை நம்ம தலையில விழுந்துச்சு. (ஆபீஸ்ல என்னதான் ஆணி புடுங்கினாலும் அம்மாவுக்கு நாம ஏணி மேல ஏறுற ஆளு மட்டுந்தான்.) அங்க கெடச்சது அம்மாவோட பழைய மளிகை நோட்டு. 2006-ம் வருஷத்துப் பக்கம் ஒண்ணு. உளுந்து, புளி, மல்லி எல்லாம் ஒத்தை வரியில இருக்க, சோப்புத்தூளுக்கு மட்டும் ரெண்டு வரி. "தூள் நல்லது 200 கிராம்." "தூள் மட்டம் 1 கிலோ."

பாத்த உடனே கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சுருச்சு. எங்க வீட்டு ஹார்லிக்ஸ் பாட்டில் ஒண்ணுல இந்த ரெண்டையும் அம்மா கலந்து வைப்பாங்க. அதுல தான் என் பள்ளிக்கூட யூனிபார்ம். அப்பாவோட வெள்ளைச் சட்டைக்கு மட்டும் கலக்காத நல்ல தூள். போர்வை, மிதியடி வகையறாவுக்கு சுத்த மட்டம். இது எங்கம்மாவோட சொந்தக் கண்டுபிடிப்புன்னு ரொம்ப நாள் நெனச்சுக்கிட்டு இருந்தேன். இந்த ரெண்டு வரிக்குப் பின்னாடி ஒரு பெரிய வியாபார யுத்தமே இருக்குன்னு அப்புறம் தேடிப் படிச்சப்போ தான் தெரிஞ்சது.

கதை 1959-ல ஆரம்பிக்குது. அந்த வருஷம் ஹிந்துஸ்தான் லீவர் 'சர்ஃப்' பவுடரை இந்தியாவுல இறக்குச்சு. அதுவரைக்கும் துணி துவைக்கிறதுன்னா பார் சோப்பு தான். எங்க பக்கம் மாதிரி உப்புத்தண்ணி ஊர்ல பார் சோப்பைத் தேய்ச்சா நுரை வராது. தண்ணில இருக்கற கால்சியமும் மெக்னீசியமும் சோப்போட சேர்ந்து திரிதிரியா துணியில ஒட்டிக்கும். டிடர்ஜென்ட்டுக்கு அந்தப் பிரச்சினை ரொம்பக் குறைவு. அதனால சர்ஃப் வந்தது நெஜமாவே நல்ல விஷயம் தான். ஆனா வாங்கறதுக்குக் கையில காசு வேணுமே.

பத்து வருஷம் கழிச்சு, 1969-ல, குஜராத்துல கர்சன்பாய் பட்டேல்னு ஒருத்தர். அரசாங்கத்தோட சுரங்கத்துறையில கெமிஸ்ட் வேலை. வீட்டுக் கொல்லையில தானே பவுடர் கலந்து, சைக்கிள்ல வச்சு வீடு வீடாப் போய் வித்தார். பேரு நிர்மா. தன்னோட மகள் நிருபமாவோட பேருல இருந்து வச்ச பேரு. சர்ஃப் கிலோ 13 ரூபா வித்த காலத்துல இவரு வச்ச விலை 3 ரூபா!

எப்படி முடிஞ்சது? நம்ம ஆளுங்க பொதுவா "லாபம் கம்மியா வச்சு வித்தார்"னு சொல்லிட்டுப் போயிருவாங்க. அது பாதிக் கதை தான். மிஷின் இல்லாம கையாலேயே கலந்ததால குடிசைத் தொழில் கணக்குல எக்சைஸ் வரி இல்ல. அப்புறம் முக்கியமானது, உள்ள போட்ட சரக்கு. வாசனை கெடையாது, வெள்ளையை இன்னும் வெளுப்பாக் காட்டுற மினுக்குப் பொருள் கெடையாது. பெரும்பகுதி சலவை சோடா.

இந்த சலவை சோடா நமக்குப் புதுசு இல்ல. ஆத்தோரம் உவர்மண் அள்ளி, அதுல துணியை முக்கி, வெள்ளாவி வச்சு எடுத்தாங்களே, அந்த உவர்மண்ணுல வேலை பாக்குறதும் இதே காரம் தான். கடின நீரை மெதுவாக்கும், எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும். வேலையில கொறை சொல்ல முடியாது. அழுக்கோட சேத்து கைத்தோலையும் பதம் பாக்கும், அது தான் வில்லங்கம்.

1980-களின் நடுவுல விற்பனையில நிர்மா சர்ஃபைத் தாண்டிருச்சு. அப்பத் தான் சர்ஃப் தரப்புல இருந்து லலிதாஜி வந்தாங்க. விளம்பரத்தை எடுத்தவர் அலீக் பதம்சீ, நடிச்சவங்க கவிதா சௌத்ரி. (தூர்தர்ஷன் 'உடான்' தொடர்ல வந்தவங்க. 2024-ல காலமாயிட்டாங்க.) லலிதாஜி வைக்கிற வாதம் ரொம்ப சிம்பிள்: மலிவா வாங்குறது வேற, நல்லதா வாங்குறது வேற, அரைக் கிலோ சர்ஃப், சாதா பவுடர் ஒரு கிலோ செய்யற வேலையைச் செய்யும். நானும் பொட்டி தட்டுறவன் ஆச்சே, 1969 விலையை வச்சு கணக்குப் போட்டுப் பாத்தேன். அரைக் கிலோ 13-ல பாதி, ஆறரை ரூபா. எதிராளி ஒரு கிலோ 3 ரூபா. லலிதாஜி அக்கா, கணக்கு இடிக்குதே! :-)

ஆனா லலிதாஜி சொன்னதுல ஒரு உண்மை இருக்கு, அதை அவங்களே சரியாச் சொல்லல. மலிவு பவுடர்ல மிச்சமாகற காசை யாரோ ஒருத்தர் வேற ரூபத்துல கட்டுறாங்க. 1980-களின் கடைசியில லீவர் கம்பெனி நிர்மாவுக்கு எதிரா 'வீல்' பவுடரை மலிவு விலையில இறக்கினப்போ, கையைப் புண்ணாக்காதுங்கறதையும் ஒரு பெரிய விஷயமா முன்னால வச்சாங்க. பெண்கள் கை எரிச்சலைப் பத்தி அவ்வளவு பொலம்பியிருக்காங்கன்னு தானே அர்த்தம்?

இதைப் படிச்சப்போ தான் எனக்கு சுருக்குன்னுச்சு. சின்ன வயசுல அம்மா ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி ரெண்டு கையிலயும் தேங்காயெண்ணெய் தேய்ப்பாங்க. விரல் இடுக்குல வெடிப்பு வெடிப்பா இருக்கும். கொழம்பு பெசஞ்சு சாப்பிட முடியாம ஸ்பூன் கேட்ட நாள்கூட உண்டு. நாங்க "என்னம்மா தொரைசாணி ஆயிட்டீங்க"ன்னு கிண்டல் பண்ணியிருக்கோம். அது எந்தப் பவுடர்னு நோட்டுல இல்ல. கடைக்காரர் மூட்டையில இருந்து அள்ளிக் கட்டித் தர்ற பேரில்லாத சரக்கு.

விஷயத்துக்கு வருவோம். நம்ம ஊர்க்காரங்களும் இந்தச் சிக்கனக் கதையில ஒரு பெரிய வேலை பண்ணியிருக்காங்க. கடலூர் சின்னி கிருஷ்ணன் ஷாம்பூவை பாக்கெட்ல அடைச்சு, பணக்காரங்க வாங்குற சாமானைக் கூலிக்காரரும் வாங்கணும்னு பாத்தவர். அவரோட மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல 15,000 ரூபா போட்டு ஆரம்பிச்சது தான் 'சிக்'. அஞ்சு காலி பாக்கெட் கொண்டு வந்தா ஒண்ணு இலவசம்னு ஒரு திட்டம் போட்டு ஊரையே பொறுக்க வச்சாரு. பொதுவா எதையும் மொத்தமா வாங்கினா தான் மலிவு. ஆனா ஷாம்பூவுல பல சமயம் பாட்டிலை விட பாக்கெட் தான் மில்லிக்கு மலிவா இருக்கும். நம்பலைன்னா கடையில நின்னு வகுத்துப் பாருங்க.

வகுக்கவே வேணாம். இப்பல்லாம் பல பாக்கெட் மேல கிராமுக்கோ மில்லிக்கோ என்ன விலைன்னும் அச்சடிக்கணும்னு விதி. பத்து ரூபா பாக்கெட் பத்து ரூபாயாவே இருக்கும், உள்ள இருக்கற கிராம் மட்டும் சத்தமில்லாம எளைக்கும். அந்தப் பொடி எழுத்தைப் படிச்சா குட்டு வெளிப்பட்டுரும்.

இதையெல்லாம் அம்மாகிட்ட பெருமையா வெளக்கினேன். முழுசாக் கேட்டுட்டு, "மட்டத்தூள் கையைத் திங்கும்னு எனக்குத் தெரியாதாடா? மாசம் நாப்பது ரூபா மிச்சம். உன் டியூஷனுக்கு அங்க இருந்து தான் சேர்த்தேன்"னாங்க.

இப்ப வீட்டுல வாஷிங் மெஷின் இருக்கு, என் மொத போனஸ்ல வாங்கினது. அதுக்கு ஊத்துற லிக்விடையும் அம்மா பாதி மூடி தான் ஊத்துறாங்க. பக்கத்துல ஹார்லிக்ஸ் பாட்டில் இன்னும் இருக்கு. உள்ள என்ன கலந்திருக்குன்னு கேட்டேன், சொல்ல மாட்டேங்கறாங்க.

பி.கு: உங்க வீட்டுலயும் இந்த மாதிரி 'கலப்பு' பாட்டில் இருந்துச்சா? பின்னூட்டத்துல சொல்லுங்க மக்கா.