கோணேசர் கோயில் இடிந்த நாள் ஏப்ரல் 14தானா?

திருகோணமலைக் கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்தது தமிழ்ப் புத்தாண்டு நாளில் என்பது தலைமுறை தலைமுறையாக நாம் கேட்டுவரும் செய்தி. ஆண்டு 1622 என்பார் சிலர்; 1624 என்பார் வேறு சிலர். நாளைப் பற்றி மட்டும் யாருக்கும் ஐயம் எழுவதில்லை. புத்தாண்டு என்றால் ஏப்ரல் 14 என்று எழுதிவிடுகிறோம். கட்டுரைகளிலும் நினைவுக் குறிப்புகளிலும் அந்தத் தேதி நிலைத்துவிட்டது. அது சரிதானா என்பதை இன்று வீட்டுக் கணினியிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

வானியல் மென்பொருள்கள் பல உள்ளன. அவற்றுள் 'ஸ்டெலேரியம்' இலவசமாகக் கிடைப்பது. 2001-ஆம் ஆண்டு முதல் புழக்கத்தில் இருப்பது. ஊரையும் நாளையும் நேரத்தையும் கொடுத்தால், அன்றைய வானத்தைக் கோள்களுடன் அப்படியே திரையில் விரித்துக் காட்டும். கடந்த சில நூற்றாண்டுகளுக்கு அதன் கணக்கு மிகத் துல்லியமானது.

சோதனைக்குப் போகுமுன் ஒரு விளக்கம். நம் புத்தாண்டு, சூரியன் மேட ராசியில் நுழையும் நாள். இந்த ராசிகள் விண்மீன்களைக் கொண்டு அளக்கப்படுபவை. இன்று பரவலாகக் கையாளப்படும் திருக்கணித முறைப்படி, சூரியன் சித்திரை விண்மீனுக்கு நேர் எதிரே, அதாவது 180 பாகையில், வந்து நிற்கும் தருணமே மேடப் பிறப்பு. ஐரோப்பிய நாட்காட்டியோ பருவங்களைக் கொண்டு அளப்பது. விண்மீன் ஆண்டு பருவ ஆண்டைவிட இருபது நிமிடம் நீளமானது. சிறிய வேறுபாடுதான். ஆனால் நம் பஞ்சாங்கங்கள் கொண்ட ஆண்டளவின்படி, அறுபது ஆண்டுகளுக்கு ஏறத்தாழ ஒரு நாள் வீதம் புத்தாண்டு ஐரோப்பியத் தேதியில் பின்னுக்குத் தள்ளிப்போகிறது. நானூறு ஆண்டுகளில் இது ஆறு நாளைத் தாண்டிவிடும்.

இனிச் சோதனை. மென்பொருளில் இடத்தைத் திருகோணமலை என்று அமைத்து, நாளை 1624 ஏப்ரல் 14 நண்பகல் என்று கொடுங்கள். சூரியனின் வான் நெடுங்கோடு சுமார் 24½ பாகை. சித்திரை விண்மீனுக்கு 198½ பாகை. இடைவெளி 174 பாகை. அதாவது சூரியன் எதிர்ப்புள்ளியைக் கடந்து ஆறு பாகை சென்றுவிட்டது. புத்தாண்டு பிறந்து ஒரு வாரம் ஆகிவிட்டது! நாளைப் பின்னோக்கி நகர்த்தினால், 180 பாகை பொருந்துவது ஏப்ரல் 8-இல். அக்காலத்தில் வழங்கிய வாக்கியப் பஞ்சாங்க முறைப்படி கணக்கிட்டால் அதற்கும் ஒரு நாள் முன்பாக, ஏப்ரல் 7 காலையில். 1622-க்கும் விடை இதேதான்: ஏப்ரல் 7 அல்லது 8. எந்த ஆண்டை எடுத்துக்கொண்டாலும் 14 வரவில்லை.

மென்பொருளை நம்பாதவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. எல்.டி. சுவாமிக்கண்ணு பிள்ளை 1920-களில் சென்னையில் வெளியிட்ட பெரிய பஞ்சாங்கத் தொகுதிகள் இந்த நூற்றாண்டுகளையெல்லாம் நாள்தோறும் கணித்து வைத்திருக்கின்றன. கல்வெட்டு ஆய்வாளர்களின் கைநூல் அது.

நாட்காட்டி மாற்றத்தால் வந்த குழப்பமோ என்று கேட்கலாம். போர்த்துக்கல் 1582-லேயே இன்றைய கிரெகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது. பழைய ஜூலியன் கணக்கில் எழுதினால் தேதி இன்னும் முன்னே, மார்ச் இறுதிக்குப் போகுமே தவிர 14-க்கு வராது. ஆகவே ஏப்ரல் 14 என்பது பழைய ஆவணம் தந்த நாளாக இருந்தால் அது புத்தாண்டு அன்று. புத்தாண்டு என்ற மரபு உண்மையானால் அது ஏப்ரல் 14 அன்று. இரண்டும் சேர்ந்து நிற்க இயலாது. புத்தாண்டு என்ற நினைவே மூலம், தேதி பிற்காலத்தவர் தம் காலத்து நாட்காட்டியைப் பார்த்து எழுதிச் சேர்த்தது என்பதே என் முடிவு.

இங்கே இன்னொன்றும் வெளிப்படுகிறது. 1624 ஏப்ரல் 7 ஞாயிற்றுக்கிழமை. கிறித்தவத் திருச்சபையின் கணக்கில் அவ்வாண்டின் உயிர்த்த ஞாயிறும் அதே நாள்தான். இரத்தாட்சி ஆண்டு பிறந்த அன்றே ஈஸ்டர். 1622-இல் ஈஸ்டர் மார்ச் 27-லேயே கழிந்துவிட்டது. நிலவும் மாறுபடுகிறது: 1624 புத்தாண்டு பௌர்ணமி கழிந்து நான்காம் நாளளவில், 1622 புத்தாண்டு அமாவாசைக்கு மூன்று நாள் முன்னர். சுவாமி வீதியுலா சென்ற வேளையில் போர்த்துக்கேயப் படையினர் அந்தணர் வேடத்தில் கோயிலுக்குள் புகுந்தனர் என்கிறது மரபு. தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா கத்தோலிக்கர். அவருடைய படை ஈஸ்டர் நாளில் இதைச் செய்திருந்தால், திருநாட்களைக் கொண்டே காலத்தைக் குறித்துப் பழகிய போர்த்துக்கேயர் அதைக் குறிக்காமல் விட்டிருப்பார்களா? மென்பொருள் இதற்கு விடை தராது. ஆனால் ஆவணங்களில் எதைத் தேட வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறது. கணினியின் பயன் அவ்வளவே; அதுவே பெரிது.

ஒரு வாரம் முன்பின் ஆனால் என்ன என்று எண்ணுவோர் உண்டு. உப்புவெளியில் இரண்டாம் உலகப்போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தைத் தாக்கின. அந்தப் போரில் மாண்டவர்களின் கற்களில் பெயருடன் நாளும் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்த நாளை எவரும் மறுக்க முடியாது. சற்றுத் தெற்கே சுவாமி மலையில் நின்ற கோயிலுக்கு அப்படியொரு நாட்கல் இல்லை. அதன் கற்கள் கோட்டைச் சுவருக்குள் போயின. தூண்கள் கடலடியில் கிடந்ததை 1956-இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மூழ்கிக் கண்டனர். மண்ணில் புதைந்திருந்த சோமாஸ்கந்தர் முதலிய செப்புத் திருமேனிகள் 1950-இல் கிணறு வெட்டியபோது வெளிப்பட்டன. இவை கண்ணால் காணும் சான்றுகள். இவற்றின் பக்கத்தில் வானமே மறுக்கும் ஒரு தேதியை நாம் வைத்தால், தேதியை மட்டுமல்ல, நிகழ்வையே ஐயுற விரும்புவோருக்கு வழி திறந்துவிடுகிறோம்.

கோயில் இடிபட்டது என்பதில் ஐயமில்லை. புத்தாண்டு நாளில் இடிபட்டது என்பது மதிக்கத்தக்க மரபு. அதை எழுதுவோர் 'சித்திரை முதல் நாள்' என்று எழுதட்டும். ஐரோப்பியத் தேதி வேண்டுமானால் ஏப்ரல் 7 அல்லது 8 என்று எழுதட்டும். நம் முன்னோர் நினைவில் காத்துத் தந்தது தமிழ் நாளைத்தான். நாம் சேர்த்த தேதியை நாமே நீக்கிவிட்டால், அவர்கள் சொன்னது பழுதின்றி நிற்கும்.