புள்ளிராஜாவின் மனைவி

2003 வாக்கில் சென்னையில் சுவர், பஸ், டிவி என்று எங்கே திரும்பினாலும் ஒரே கேள்விதான்: புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா? அதற்குச் சற்று முன்புதான் மும்பையில் பல்பீர் பாஷா என்ற பெயரில் இதே கேள்வி உலவியது. எங்கள் கிளாஸில் ஒருத்தனுக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்துச் சிரித்தோம். புள்ளிராஜாவின் மனைவிக்கு என்ன ஆச்சு என்று கேட்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

இந்தியாவில் எச்.ஐ.வி. வரலாறு தொடங்கியதே சென்னையில்தான். எய்ட்ஸ் வெளிநாட்டு வியாதி, நம் ஒழுக்கம் நம்மைக் காப்பாற்றும் என்று எண்பதுகளில் பெரும்பாலானோர் நம்பினார்கள். மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் பேராசிரியர் சுனிதி சாலமன், தன் மாணவி நிர்மலாவிடம் இதை ஆய்வுத் தலைப்பாகக் கொடுத்தார். கைதாகி அரசுக் காப்பகத்தில் இருந்த பாலியல் தொழிலாளிகளிடம் நிர்மலா ரத்த மாதிரி எடுத்தார். 1986 பிப்ரவரியில் அவற்றை ஐஸ் பெட்டியில் வைத்து, கணவரோடு ரயிலேறி, வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டு போனார். ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது. பிறகு அமெரிக்கப் பரிசோதனையிலும் அது உறுதியானது.

நம்பிக்கை இதோடு உடைந்திருக்க வேண்டும். உடையவில்லை, இடம் மட்டும் மாறியது. 'வெளிநாட்டுக்காரர்களுக்கு வரும்' என்றவர்கள் 'அந்த மாதிரிப் பெண்களுக்கு வரும்' என்றார்கள். தொற்று இருந்த பெண்கள் சிலரைக் காவல் காலம் முடிந்தும் காப்பகத்திலேயே அடைத்து வைத்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 1990-இல்தான் வெளியே வந்தார்கள். எந்த ரத்தத்திலிருந்து நாடு பாடம் கற்றதோ, அந்த ரத்தத்துக்கு உரியவர்களையே பூட்டி வைத்தோம்.

1993-இல் சுனிதி சாலமன் ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தைத் தொடங்கினார். பெருங்குடியிலிருந்து பஸ் ஏறினால் சில ஸ்டாப்பிங் தள்ளி, தரமணி வி.எச்.எஸ். வளாகத்தில் அது பல வருடம் இயங்கியது. அங்கே வந்த 134 பெண்களைப் பற்றிய ஆய்வு 2000-இல் வெளியானது. அவர்களில் பெரும்பாலோர் இல்லத்தரசிகள். 88 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒரே ஆணோடு மட்டுமே உறவு கொண்டவர்கள். ஒழுக்கம் காப்பாற்றும் என்ற நம்பிக்கைக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டுமா? அவர்கள் தவறவே இல்லை. தொற்று கணவன் வழியாக வந்தது.

இதைப் படித்தபோது எனக்கு இன்னொரு ஆய்வு ஞாபகம் வந்தது. ஜப்பானின் தகேஷி ஹிராயாமா, புகைபிடிக்காத 91,540 மனைவிகளை 14 வருடம் தொடர்ந்து கவனித்து 1981-இல் முடிவை வெளியிட்டார். கணவன் அதிகம் புகைத்தால், மனைவி நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. சிகரெட் கம்பெனிகள் நிபுணர்களை வைத்து அதைத் தாக்கிப் பார்த்தன; முடிவு நின்றது. நோய் வேறு, நாடு வேறு. ஆனால் இரண்டு கணக்கிலும் இருப்பவள் ஒருத்திதான்: தான் எதுவும் செய்யாத மனைவி.

இந்தியாவில் பொது இடத்தில் புகைக்க 2008 அக்டோபர் 2 முதல் கறாரான தடை உண்டு. அது டீக்கடை வாசல் வரை வரும், வீட்டு ஹாலுக்குள் வராது. 2016-17 தேசியக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் பெரியவர்களில் 38.7 சதவீதம் பேர் வீட்டிலேயே பிறர் புகையைச் சுவாசிக்கிறார்கள்.

2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு பற்றி எரிந்தது. நாள் கணக்கில் புகை. எங்கள் வீட்டில் அப்பா ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்தினார். "இந்தப் புகை உடம்புக்கு ஆகாது" என்றார். அப்புறம் ஹாலில் உட்கார்ந்து சிகரெட் பற்ற வைத்தார்.

அப்பா தூங்கின பிறகு அம்மாவிடம் கேட்டேன். "வெளியில போய்ப் பிடிங்கன்னு சொல்லக்கூடாதாம்மா?"

"முப்பது வருஷமா சொல்லாததை இப்ப எப்படிச் சொல்றது?" என்றார்.

அந்த 134 பேரில் எத்தனை பேர் இதையே சொல்லியிருப்பார்கள் என்று அன்றைக்கு யோசித்துக்கொண்டிருந்தேன்.