மன்னர்க்கும் மன்னனாம் அறம்

அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைத் திருத்தத்தாலும் சிதைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன கேசவானந்த பாரதி வழக்கின் கதையைப் பூந்தமல்லி வழக்கறிஞர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பிருகதாரண்யக உபநிடதத்தின் முதல் அத்தியாயம், நால்வகை வருணங்களைப் படைத்தும் நிறைவுறாத பிரம்மம் இறுதியில் தர்மத்தைப் படைத்ததாகக் கூறுகிறது. ஆளும் வலிமையையும் ஆளும் வலிமை அது. அதைப் பற்றிக்கொண்டு எளியவனும் வலியவனை எதிர்த்து நிற்பான். வள்ளுவரோ செங்கோன்மையில், உலகைக் காக்கும் மன்னனை முட்டாமல் நடத்தப்படும் முறையே காக்கும் என்றார். ஆள்வோனுக்கு மேல் ஒன்று உண்டென்பது நமக்கு இரவல் கருத்தன்று. ஆயினும் நன்றி மறக்கலாகாது. அரசியலமைப்பைத் திருத்தும் அதிகாரத்துக்கு உள்ளார்ந்த எல்லை உண்டு என்று 1965இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் உரையாற்றியவர் டீட்ரிச் கான்ராட் என்ற ஜெர்மானியர்.

இனி நம் மாநிலத்துக்கு வருவோம். சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை சம்பகம் துரைராஜன் வழக்கில் வீழ்ந்ததையொட்டி, 1951இல் முதல் திருத்தம் வந்தது. நிலச் சீர்திருத்தச் சட்டங்களைக் காக்கும் ஒன்பதாம் அட்டவணையும் அத்திருத்தத்தில்தான் பிறந்தது. அதில் ஏறிய சட்டத்தை அடிப்படை உரிமையைக் காட்டி வீழ்த்த முடியாது என்பது ஏற்பாடு. சங்கரி பிரசாத் வழக்கில் அத்திருத்தம் செல்லும் என்று தீர்ப்பெழுதியவரும் நம் உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற பதஞ்சலி சாஸ்திரியாரே.

ஒன்பதாம் அட்டவணை என்னும் அந்த அரணுக்கு எல்லை கட்டிய வழக்கும் நம்முடையதே. நீலகிரியின் கூடலூரில் நிலம்பூர் கோவிலகத்தின் ஜன்ம நிலங்கள் இருந்தன. அவற்றை ரயத்துவாரியாக மாற்ற 1969இல் தமிழக அரசு சட்டம் இயற்றியது. காடுகளை அரசு எடுத்துக்கொள்வது வேளாண் சீர்திருத்தம் ஆகாது என்று 1972இல் உச்ச நீதிமன்றம் அதன் ஒரு பகுதியை நீக்கியது. 1974இல் நாடாளுமன்றம் 34ஆவது திருத்தத்தால் அந்தச் சட்டத்தை முழுமையாக அட்டவணையில் ஏற்றியது. நீதிமன்றம் நீக்கியதை இப்படிப் பின்வாசல் வழியே கொண்டுவரலாமா? ஐ.ஆர். கோயெலோ எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், தலைமை நீதிபதி சபர்வால் தலைமையிலான ஒன்பது நீதிபதிகள் 2007 ஜனவரி 11 அன்று ஒருமித்து விடை தந்தனர். கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்த 1973 ஏப்ரல் 24க்குப் பின் அட்டவணையில் ஏறிய எந்தச் சட்டமும் அடிப்படைக் கட்டமைப்பு என்னும் உரைகல்லுக்கு உட்பட்டதே என்றனர். கேசவானந்தத்தில் ஏழுக்கு ஆறு என்று இழுபறியாய் நின்ற நெறி இங்கே ஒரே குரலில் உறுதிப்பட்டது என்பேன்.

நம் 69 விழுக்காடு இடஒதுக்கீட்டுச் சட்டம் 1994இல் அதே அட்டவணையில் ஏறியது. சமூகநீதியில் பற்றுடையோர் அட்டவணையை மட்டும் நம்பி இருந்துவிடாமல், அச்சட்டத்துக்கான தரவுகளைத் திரட்டி வைத்தல் வேண்டும். இளம் வழக்கறிஞர்களே, தலைக்குறிப்போடு நின்றுவிடாதீர்கள். கோயெலோ தீர்ப்பை முழுமையாக ஒருமுறை படியுங்கள்.