நட்டுவனார் வீட்டுப் பெண்கள்

சென்னையில் நாட்டிய வகுப்புகளுக்குப் பாடிப் பிழைக்கிறவள் நான். ஆடத் தெரியாது. ஆனால் நட்டுவாங்கம் செய்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்தே பாதி ஆயுள் போய்விட்டது. புதிய வகுப்புக்குப் பாடப் போனால் டீச்சரிடம் முதலில் கேட்பது, "நீங்கள் யாரிடம் கற்றுக்கொண்டீர்கள்?" என்றுதான். வம்புக்கு இல்லை. பந்தநல்லூர் பாணியா, வழுவூர் பாணியா, கலாக்ஷேத்ராவா என்று தெரிந்தால், வர்ணத்தை எந்தக் காலப்பிரமாணத்தில் எடுப்பது என்று ஓரளவு பிடிபடும்.

பந்தநல்லூர், வழுவூர், திருவிடைமருதூர் எல்லாம் கும்பகோணம், மயிலாடுதுறை வட்டாரத்துக் கோயில் ஊர்கள். நாகஸ்வரக் கோஷ்டிக்குப் பெரிய மேளம் என்றும், பரதநாட்டியத்தின் முன்வடிவான சதிர் ஆடும் கோஷ்டிக்குச் சின்ன மேளம் என்றும் அங்கே பெயர். சின்ன மேளத்தில் ஆடியது பெண். அவளுக்குப் பின்னால் நின்று, அவள் நகர நகரத் தானும் நகர்ந்து தாளம் போட்டது நட்டுவனார். இரண்டு பேரும் பெரும்பாலும் ஒரே சமூகம், இன்று இசை வேளாளர் என்று அழைக்கப்படுகிறவர்கள். வீட்டில் பாடம் நடக்கும்போது நட்டுவனார் தட்டுக்கழியால் மரக்கட்டையில் தட்டிச் சொற்கட்டு சொல்வார். அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் இன்றைய கச்சேரி வரிசையை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒழுங்குசெய்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வரும் நட்டுவனார்களே. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அந்த நால்வரின் வழிவந்தவர்.

பிறகு சதிருக்கு எதிர்ப்பு வந்தது. கோயில் மானியமும் கல்யாணக் கச்சேரிகளும் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்து பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல்தான் வந்தது என்றாலும், அதற்குள் ஆடிய பெண்களின் பிழைப்பு பெருமளவு போய்விட்டிருந்தது. அந்த வீட்டு ஆண்களுக்கு மட்டும் வேறொரு கதவு திறந்தது. மற்ற வீட்டுப் பெண்கள் ஆட வந்தார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டியிருந்தது.

அப்படி வந்தவர்களில் ஒருவரான ருக்மிணி தேவி அடையாறில் 1935இல் மேடையேறினார். 1936இல் பள்ளி தொடங்கினார். பின்னாளில் கலாக்ஷேத்ரா என்று பெயர் பெற்றது அதுதான். மீனாட்சிசுந்தரம் பிள்ளை, அவர் மருமகன் சொக்கலிங்கம் பிள்ளை, காட்டுமன்னார்கோயில் முத்துக்குமார பிள்ளை, காரைக்கால் தண்டாயுதபாணி பிள்ளை என்று காவிரிப் பக்கத்து நட்டுவனார்கள் அங்கே பாடம் சொன்னார்கள். கதகளிக்குக் கேரளத்திலிருந்து அம்பு பணிக்கரும் சந்து பணிக்கரும். 1953இல் கேரளத்துப் பையன்னூர்ப் பக்கத்திலிருந்து சந்து பணிக்கர் அழைத்து வந்த சிறுவர்களில் ஒருவர்தான் பின்னாளில் பரதநாட்டியத்தில் பெரும் பெயர் எடுத்த தனஞ்செயன்.

நட்டுவனார்கள் அடையாறோடு நின்றுவிடவில்லை. நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் குரு கந்தப்பா பிள்ளை, நடனக் கலைஞர் உதயசங்கர் இமயமலை அடிவாரத்து அல்மோராவில் நடத்திய கலை மையத்துக்குப் போய்ப் பரதம் கற்பித்தார். அங்கே கதகளிக்கு சங்கரன் நம்பூதிரி, மணிப்புரிக்கு அமோபி சிங், இசைக்கு அலாவுதீன் கான். ஒரே வளாகத்தில் அப்படி ஒரு கூட்டம்! அந்தக் குளிரில் தட்டுக்கழிச் சத்தம் எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், பொறாமையும் வரும். திருவிடைமருதூர்க் குப்பையா பிள்ளையின் குடும்பம் 1945இல் பம்பாய் மாதுங்காவில் ராஜராஜேஸ்வரி பரதநாட்டிய கலா மந்திரைத் தொடங்கியது. மகன்களும் மகளும் மருமகனும் சேர்ந்து நடத்திய பள்ளி அது.

கலாக்ஷேத்ராவில் 1940களில் சொக்கலிங்கம் பிள்ளை விலகியதும் ருக்மிணி தேவியும் மாணவிகளும் தாங்களே தாளத்தைக் கையில் எடுத்தார்கள். என்னைக் கேட்டால், நாட்டிய ஆசிரியரின் பின்னணி மாறியது அங்கேதான். அதுவரை நட்டுவனார் என்றால் அந்தக் குடும்பத்தில் பிறந்தவர். அதன்பின் படித்துத் தேறிய எவரும் ஆகலாம். இதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். நான் பாடுகிற வகுப்புகளில் வங்கி வேலையை விட்டுவிட்டு வந்தவரும் உண்டு, கணக்கு டீச்சராக இருந்தவரும் உண்டு; தாளம் யாருக்கும் தப்புவதில்லை.

என் கேள்வி வேறு. ஆண்கள் குருவானார்கள், ஊர்ப் பெயர் பாணியானது, சரி. ஆடிக்கொண்டிருந்த பெண்கள் எங்கே போனார்கள்? ருக்மிணி தேவிக்கு முதலில் பாடம் சொன்னவர் மயிலாப்பூர் கௌரி அம்மாள், கபாலீசுவரர் கோயிலில் ஆடியவர். பாலசரஸ்வதியும் அவரிடம் அபிநயம் கற்றார். காரைக்கால் சாரதாம்பாள் கலாக்ஷேத்ராவில் கற்பித்தார். வீணை தனம்மாளின் பேத்தியான பாலசரஸ்வதியே பின்னர் மியூசிக் அகாடமி ஆதரவில் ஒரு பள்ளி நடத்தினார். இப்படிச் சில பெயர்கள்தாம் தேறுகின்றன. அடவும் ஜதியும் ஆண் கையில் இருந்தன என்றால், பதத்துக்கு முகம் காட்டும் வித்தை பெண்களிடம் இருந்தது. பாடுகிறவளுக்கு அது நன்றாகவே தெரியும். ஒரே அடியை நான் எட்டுத் தரம் திருப்பிப் பாடும்போது, எட்டுத் தரமும் வேறு வேறு பாவம் வர வேண்டும். அதைத் தட்டுக்கழியால் சொல்லித்தர முடியாது.

கௌரி அம்மாளிடம் சிறுமியாக அபிநயம் கற்ற கலாநிதி நாராயணன், கல்யாணத்துக்குப் பின் ஆட்டத்தை விட்டுவிட்டார். முப்பது வருஷத்துக்கு அருகில் இடைவெளி. 1973இல் அபிநயம் மட்டும் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியராகத் திரும்பி வந்தார். பரதத்தில் தேர்ந்த ஆட்டக்காரர்கள்கூட அபிநயத்துக்காக அவர் வீட்டு வாசலில் நின்றார்கள். ஒரு கோயில் தாசியின் பாடம் இந்தச் சுற்றுவழியில்தான் இன்றைய பல வகுப்புகளுக்கு வந்து சேர்ந்தது.

நான் பாடும் வகுப்பு ஒன்றின் டீச்சர், கலாநிதி மாமியின் சிஷ்யையிடம் பதங்கள் கற்றவர். அடுத்த அரங்கேற்ற அழைப்பிதழில் குரு பரம்பரை என்று நான்கு பிள்ளைமார் பெயர் அச்சாகப் போகிறது. கௌரி அம்மாள் பெயரையும் சேர்க்கச் சொன்னேன். "இடம் இருந்தால் பார்க்கிறேன் மாமி" என்றார். ஸ்பான்சர் பெயர்களைக் கொஞ்சம் சின்ன எழுத்தில் போட்டால் இடம் வரும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.