தீவுகளின் ஆடலும் அதன் கடற்பயணமும்

மக்கள் ஊர்விட்டு ஊர் செல்லுங்கால் உடன் கொண்டு செல்லும் பொருள்கள் பல. அவற்றுள் மூட்டையிற் கட்ட இயலாத ஒன்று உண்டு; அஃது ஆடல். கும்மியையும் கோலாட்டத்தையும் நாம் பெட்டியில் வைத்துக் கொண்டு வந்தோமில்லை. ஆயினும் அவை நம்மோடு வந்திருக்கின்றன. வந்த இடத்தில் அவை உருமாறிவிட்டன என்று முதியோர் குறைபடுவதும், மாறாவிடின் பிள்ளைகள் ஆடமாட்டார்கள் என்று இளையோர் மறுமொழி கூறுவதும் ஆண்டு விழா ஒத்திகைதோறும் நாம் கேட்பனவே. இவ்வழக்கு நமக்கு மட்டும் உரியதன்று. ஸ்காட்லாந்து நாட்டின் வடக்கிலும் மேற்கிலும் சிதறிக் கிடக்கும் தீவுகளின் ஆடல் வரலாற்றைப் பார்ப்போமானால், இதே வழக்கு அங்கு இருநூறு ஆண்டுகளாக நடந்து வருவதைக் காணலாம்.

வடக்கே இருப்பவை ஆர்க்னி, ஷெட்லாந்து என்னும் தீவுக் கூட்டங்கள். இவை நெடுங்காலம் நார்வே அரசுக்கு உரியனவாயிருந்தன. டென்மார்க்கு அரசிளங்குமரி மார்கரெட் ஸ்காட்லாந்து மன்னனுக்கு மணம் பேசப்பட்டபோது, சொன்ன சீதனத்தைக் கொடுக்க முடியாமல் 1468இல் ஆர்க்னியும் அடுத்த ஆண்டு ஷெட்லாந்தும் அடகு வைக்கப்பட்டன. சீதனப் பாக்கி தீரவேயில்லை. தீவுகள் ஸ்காட்லாந்தோடு நின்றுவிட்டன! மேற்கே இருப்பவை ஹெப்ரிடீஸ் தீவுகள். அங்கு வழங்குவது கேலிக் மொழி. ஆக, ஒரே நாட்டின் தீவுகளாயினும் இவை மொழியாலும் பழக்கத்தாலும் வேறுபட்டவை. இரண்டிற்கும் பொதுவானது 'ரீல்' என்னும் ஆடல்.

ரீலின் அமைப்பு எளியது. ஆடுவோர் எதிரெதிர் நின்று கால்வேலை காட்டுவது ஒரு பகுதி. ஒருவரையொருவர் ஊடறுத்துப் பின்னல் பின்னுவது போலச் சுற்றி வருவது மற்றொரு பகுதி. இவ்விரண்டும் மாறி மாறி வரும். பின்னற் கோலாட்டம் கண்டவர்க்கு இவ்வோட்டம் எளிதில் விளங்கும். கையில் கயிறு இல்லை என்பதே வேறுபாடு. ஷெட்லாந்திலும் ஆர்க்னியிலும் மூன்று இணையர் கூடி அறுவராக ஆடும் ரீல் பெயர் பெற்றது. ஆடுமிடம் அரங்கமன்று, குடியானவன் வீட்டுச் சமையற்கூடம், அன்றேல் களஞ்சியக் கொட்டகை. திருமணமென்றால் பிடில்காரர் முன்செல்ல மணவூர்வலம் நடக்கும். இரவு முழுதும் ஆடல் தொடரும். ஆர்க்னியில் மரச்சட்டங்களாற் செய்த கலயத்தில் சூடான மதுக்கலவையை மணமகள் முதலிற் பருகி, அது கைமாறிக் கைமாறிச் சுற்றி வரும் வழக்கம் இன்றும் உண்டு.

பிடிலோ குழலோ இல்லாத வீட்டில் என் செய்வர்? வாயாற் பாடினர். ஹெப்ரிடீஸ் தீவுகளில் இதற்குப் 'போர்ஷ்ட் அ பியல்', அதாவது வாய்மெட்டு, என்று பெயர். சொற்களுக்குப் பெரும் பொருள் கிடையாது, தாளக்கட்டே முதன்மை. நம் நட்டுவனார் சொற்கட்டுக்கும் இதற்கும் உறவு கற்பிக்க நாம் துணியவில்லை; தேவை ஒன்றாயின் மக்கள் காணும் வழியும் ஒன்றாகும் என்று மட்டும் கொள்வோம்.

ஆடலுக்கு இடுக்கண் இருவகையில் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லூயிஸ், ஸ்கை முதலிய தீவுகளிற் பரவிய கடுமையான சமயச் சீர்திருத்த இயக்கம், ஆடலையும் பிடிலையும் பாவமெனக் கடிந்தது. கத்தோலிக்கராயிருந்த தென் உயிஸ்டு, பாரா தீவினரிடை அக்கடுமை இல்லாமையால் அங்கு ஆடல் பிழைத்தது. மற்றொன்று இதனினும் கொடியது. நிலக்கிழார்கள் குடிகளை வெளியேற்றி ஆட்டு மந்தைகளுக்கு இடம் செய்தனர். தென் உயிஸ்டு, பாரா முதலிய தீவுகளின் உடைமையாளரான கர்னல் கோர்டன் 1851இல் மட்டும் ஏறத்தாழ 1,700 பேரைக் கனடாவுக்குக் கப்பலேற்றினார். ஆடுவோரே இல்லாத ஊரில் ஆடல் எங்ஙனம் நிற்கும்?

ஆனால் சென்றவர்களோடு அது சென்றது. அச்செலவில் இரு தடங்கள் நம் கருத்தைக் கவர்கின்றன.

முதல் தடம் ஆர்க்னியினின்று புறப்படுகிறது. ஹட்சன் விரிகுடா வாணிகக் குழுவின் கப்பல்கள் அட்லாண்டிக்கைக் கடக்குமுன் ஸ்ட்ராம்னஸ் துறைமுகத்தில் நின்று நன்னீரும் ஆளும் ஏற்றிக் கொண்டன. 1800ஆம் ஆண்டளவில் அக்குழுவின் பணியாளருள் ஏறக்குறைய நான்கில் மூவர் ஆர்க்னியர் என்பர். குளிர்காலம் முழுதும் உறைந்து கிடக்கும் கோட்டைகளில் அவர்கட்குத் துணை பிடில். பலர் கிரீ முதலிய பழங்குடிப் பெண்களை மணந்தனர். அவர்தம் வழிவந்தாரும் பிரெஞ்சுக் கலப்புடையாரும் சேர்ந்து உருவான மெட்டி மக்களின் பெருமைக்குரிய ஆடல் 'ரெட் ரிவர் ஜிக்' ஆகும். மெட்டு மேல்தந்தியில் ஒலிக்கும்போது பொது அடவு. கீழ்த்தந்திக்கு இறங்கியதும் ஒவ்வொருவரும் தத்தம் வண்ண அடவுகளைக் காட்டுவர். தாளமும் அளவான கட்டுக்குள் நில்லாது கூடியும் குறைந்தும் ஓடும். ஸ்காட்லாந்தியர் செவிக்கு இது பிழை. மெட்டி மக்கள் செவிக்கு இதுவே அழகு. ஜேம்ஸ் விரிகுடாவைச் சேர்ந்த கிரீ பிடில்காரர் இருவர் ஆர்க்னிக்குச் சென்று அவ்வூர்ப் பிடில்காரரோடு வாசித்ததைக் கனடா நாட்டு ஆவணப்படம் ஒன்று 1980இல் காட்டியது.

இரண்டாவது தடம் ஹெப்ரிடீஸினின்று நோவா ஸ்கோஷியாவின் கேப் பிரெட்டன் தீவுக்குச் செல்வது. அங்குக் குடியேறிய கேலிக் மக்கள் மொழியையும் பிடிலையும் விடாது போற்றினர். டாம் பிளெட் என்னும் கணித அறிஞரும் அவர் துணைவியார் ஜோன் பிளெட்டும் ஸ்காட்லாந்து முழுதும் திரிந்து முதியோரை வினவி, 1964இல் ஸ்காட்லாந்தின் மரபாடல்களைப் பற்றி ஓர் அரிய நூல் வெளியிட்டனர். இலக்கங்களோடு உழல்பவர் கால்களின் கணக்கையும் எழுதி வைத்தது நமக்கு வியப்பும் மகிழ்வும் தருகிறது. அவர்தம் நண்பர் பிராங்க் ரோட்ஸ் 1957இல் கேப் பிரெட்டன் சென்று, பழைய நால்வர் ரீலை நினைவில் வைத்திருந்த முதியோரைக் கண்டு குறித்துக் கொண்டார். அங்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் குவாட்ரில், லான்சர்ஸ் என்னும் சதுர ஆடல்கள் புகுந்து ரீலை ஒதுக்கிவிட்டிருந்தன.

இந்த லான்சர்ஸ் பற்றி ஒரு சொல். 1817 அளவில் டப்ளின் நகரில் தோன்றிய அது ஷெட்லாந்துத் திருமணங்களையும் பிடித்தது. கேப் பிரெட்டனையும் பிடித்தது. நம் மட்டக்களப்புக்கும் வந்தது! அவ்வூர்ப் போர்த்துக்கீசப் பறங்கியர் திருமணங்களில் காப்ரிஞாவோடு லான்சர்சும் பிடிலிசைக்கு ஆடுவர். போர்த்துக்கீசியர் 1638இல் அக்கோட்டையை இழந்து ஏறத்தாழ 180 ஆண்டு கழிந்த பின்னரே இவ்வாடல் பிறந்தது. ஆகவே அஃது ஆங்கிலேயர் காலத்தில் வந்து பறங்கியர் சொத்தாயிற்று என்பது தெளிவு. எவர் கொணர்ந்தார் என்பதை ஆடல் நினைவில் வைப்பதில்லை போலும்.

தாய்நாட்டிலோ 1923இல் கிளாஸ்கோ நகரில் நாட்டாடற் சங்கம் தோன்றியது. ஜீன் மில்லிகன் அம்மையாரும் இசபெல் ஸ்டூவர்ட் அம்மையாரும் தொடங்கிய அச்சங்கம் பழஞ்சுவடிகளை அச்சிட்டு, அடவுகளை ஒழுங்கு செய்து, உலகெங்கும் பரப்பியது. அதன் தொண்டு பெரிது. ஆயினும் சமையற்கூடத்தில் ஊருக்கொரு வகையாக ஆடியது, நூலில் ஒரே வகையாயிற்று. இவ்விழப்பைச் சிறிதென்று கூற எமக்கு மனம் வரவில்லை.

1996இல் தென் உயிஸ்டில் 'கியோலஸ்' என்னும் கோடை இசைப்பள்ளி தொடங்கிற்று. கேப் பிரெட்டனின் ஆடலாசிரியர்கள் அங்கு வந்து, தரையை விட்டு அதிகம் எழாமல் உடல் நிமிர்ந்து நிற்பக் கால் மட்டும் பேசும் அடவுகளைக் கற்பித்தனர். இவை நம் முன்னோர் ஆடியவையே, கடல் கடந்து காக்கப்பட்டு மீண்டன என்று சிலர் மகிழ்ந்தனர். அயர்லாந்தியரும் அக்கேடியப் பிரெஞ்சுக்காரரும் அண்டை வீட்டாராயிருந்த மண்ணில் விளைந்தவை இவை, நம்முடையவை ஆகா என்று சிலர் மறுத்தனர். அறிஞரிடை அவ்வழக்கு இன்னும் முடியவில்லை. தீவின் பிள்ளைகளோ இரண்டு கட்சியாரையும் பொருட்படுத்தாது அடவுகளைக் கற்றுக் கொண்டுவிட்டனர்.