பரங்கிமலைப் பாட்டி

அயர்லாந்தில் 1845-இல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் போயிற்று. அடுத்த சில ஆண்டுகளில் ஏறக்குறையப் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். அதற்குக் குறையாத தொகையினர் கப்பலேறிப் பிழைக்கப் போனார்கள். பெரும்பாலோர் போன இடம் அமெரிக்கா. அவர்களுடைய சந்ததியார் இன்றைக்கும் பழைய கப்பல் ஜாபிதாக்களைப் புரட்டி, "எங்கள் பாட்டனார் எந்த ஊர்?" என்று தேடுகிறார்கள்.

வயிற்றுக்கு இல்லாத ஐரிஷ் வாலிபனுக்குப் பஞ்சத்துக்கு முன்பிருந்தே வேறொரு வழியும் இருந்தது. அதுதான் கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டாளம். 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கம்பெனியின் வெள்ளைச் சிப்பாய்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் ஐரிஷ்காரர்கள். மதராஸுக்கு வந்தவர்களில் பலர் பரங்கிமலையில் தங்கினார்கள்; பீரங்கிப் படையின் தலைமையிடம் அங்கேதான் இருந்தது. வயதானபின் பென்ஷன் பெற்றுப் பக்கத்துப் பல்லாவரத்தில் காலந்தள்ளியவர்களும் உண்டு. இங்கேயே கல்யாணம் செய்துகொண்டு இந்த மண்ணுக்கே உரமானவர்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய வழிவந்தவர்கள்தாம் இப்பகுதியின் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் பல.

அந்தக் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் தம் ஐரிஷ் பாட்டனாரைத் தேடினால் என்ன நடக்கும்? அயர்லாந்துக்குப் போனால் அநேகமாக ஏமாற்றந்தான். 1922-இல் உள்நாட்டுச் சண்டையில் டப்ளின் ஆவணக் காப்பகம் பற்றியெரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான நான்கு குடிக்கணக்குகளும் பெரும்பாலும் சாம்பலாயின. மதராஸில் எழுதிய ஏடுகளோ பிழைத்தன! இங்குள்ள மாதாகோயில்களின் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் பற்றிய பதிவுகளைப் பிரதியெடுத்துக் கம்பெனி லண்டனுக்கு அனுப்பி வந்தது. 1698 முதல் தொடங்கும் அந்தப் பிரதிகள் பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. பிறந்த ஊரில் தொலைந்துபோன மனிதர் பரங்கிமலையில் அகப்படுகிறார். அவர் பெயர், உத்தியோகம், படைப்பிரிவு எல்லாம் தெரிந்துவிடுகின்றன. பட்டாளத்தின் கதைகூடக் கிடைத்துவிடும். கம்பெனியின் மதராஸ் ஐரோப்பியப் படை 1862-இல் ராணியின் படையோடு சேர்ந்தது. 1881-இல் ராயல் டப்ளின் ஃபூசிலியர்ஸ் ஆயிற்று. ஏடுகள் எரிந்த அதே 1922-இல் கலைக்கப்பட்டது.

சரி, பாட்டியார்?

அங்கேதான் ஏடு வாயை மூடிக்கொள்கிறது. பல பதிவுகளில் அவளுக்கு ஞானஸ்நானத்தில் கிடைத்த பெயர் மட்டுமே உண்டு. தகப்பன் பெயரோ, பிறந்த ஊரோ இல்லை. சிலவற்றில் அந்தப் பெயரும் கிடையாது. 'சுதேசிப் பெண்' என்பதோடு சரி. இத்தனைக்கும் 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில், சிப்பாய்கள் இங்குள்ள பெண்களை மணப்பதைக் கம்பெனி டைரக்டர்களே ஊக்குவித்தார்கள். பிறக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடக்கும் நாளில் தாய்க்கு ஒரு வராகன் கொடுக்கச் சொன்னார்கள். வராகனுக்குக் கணக்கு உண்டு. வாங்கியவளின் வம்சத்துக்குக் கணக்கு இல்லை. 1950-இல் அமலுக்கு வந்த நம் அரசியல் சட்டமும் ஆங்கிலோ-இந்தியர் யார் என்பதைத் தந்தைவழி ஐரோப்பிய மரபைக் கொண்டே வரையறுக்கிறது. தாயின் தாயைச் சட்டமும் விசாரிப்பதில்லை.

ஆனாலும் அவள் ஒருத்திக்கு மகளாகவும் யாருக்கோ தங்கையாகவும் இருந்தவள்தானே? அவளுடைய அண்ணன் தம்பிகளின் வம்சம் பம்மலிலோ, திரிசூலத்திலோ, சேலையூரிலோ இன்றைக்கும் வாழ்ந்துகொண்டிருக்கலாம். பாட்டனாரைத் தேடிக் கடல் கடந்து போய்வந்தவருக்குத் தாம்பரம் ரயிலில் அவர்களே நகர்ந்து இடம் கொடுக்கலாம். உறவு என்று இருவருக்கும் தெரியாது.